ஹான்ஃபோர்டு: அணுகுண்டு ஆலையிலிருந்து அருங்காட்சியகத்துக்கு எது வருகிறது, எது வருவதில்லை?

2004 டிசம்பரில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் பழைய குப்பைக் குழி ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பெட்டகம் கிடைத்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் 400 மில்லி அளவுக்கு வெள்ளையாகக் கலங்கிய திரவம். ஆய்வகத்தில் சோதித்ததில் அது புளூட்டோனியம் என்று தெரிந்தது. அதன் பூர்விகத்தைத் தேடிப் போனபோதுதான் விஷயம் சூடுபிடித்தது. டென்னஸியில் இருந்த எக்ஸ்-10 உலையில் உருவாகி, 1944 டிசம்பரில் ஹான்ஃபோர்டின் டி பிளான்ட் (T Plant) என்ற வேதி ஆலையில் பிரித்தெடுத்த முதல் தொகுதியைச் சேர்ந்தது அது. 2009-ல் ஆய்வு முடிவு வெளியானபோது, உலையில் உருவான புளூட்டோனியம்-239 மாதிரிகளில் நமக்குத் தெரிந்து இதுவே மிகப் பழையது என்றார்கள் ஆய்வாளர்கள்.

வேறு எந்தத் தொழிலின் வரலாற்றில் இப்படி ஒரு பொருள் சிக்கியிருந்தாலும், காட்சிக்கூடத்தின் நடுவில் விளக்கு போட்டு வைத்திருப்பார்கள். இதற்கு அந்த யோகம் கிடையாது. புளூட்டோனியம்-239-ன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 24,000 ஆண்டுகள். உருவாகி 60 ஆண்டுகளில் அதன் வீரியம் குறைந்ததாகச் சொல்லவே முடியாது.

ஹான்ஃபோர்டின் அருங்காட்சியகப் பொருட்களைப் பார்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே காட்சிக்கு இருப்பவை ஆலையின் மிக முக்கியமான பொருட்கள் அல்ல, வெளியே வர அனுமதி கிடைத்த பொருட்கள். ஆலை எந்தக் காரியத்துக்காகக் கட்டப்பட்டதோ அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தவையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. ஓரமாக இருந்த அறிவிப்புப் பலகை, தொலைபேசி, அளவுமானி, அடையாள வில்லை ஆகியவை தப்பித்துக்கொண்டன. காப்பாட்சியர் என்ன நினைக்கிறார் என்பது அடுத்த கேள்வி. முதல் முடிவை எடுப்பது கதிர்வீச்சை அளக்கும் கருவி.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1942 டிசம்பரில் ராணுவத்தின் பிராங்க் மத்தியாஸ் டூபான்ட் கம்பெனியின் பொறியாளர்களோடு போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் இது. ஏராளமான ஆற்று நீர், அணைக்கட்டுகளிலிருந்து மின்சாரம், சுற்றிலும் ஆள் குறைவு. இம்மூன்றும்தான் தகுதி. 1943-ல் ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் ஆகிய ஊர்களின் மக்கள், சுற்றுவட்ட விவசாயிகள் என ஏறத்தாழ 1,500 பேரைக் குறுகிய அவகாசத்தில் காலி செய்யச் சொன்னார்கள். ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழித்துவந்த வனப்பம் பழங்குடியினரின் நிலமும் வேலிக்குள் போனது. அந்த இடத்தில் எழுந்த கட்டுமான முகாமில் 1944-ல் 50,000 பேர் வரை தங்கியிருந்தார்கள். தாங்கள் என்ன கட்டுகிறோம் என்பது அவர்களில் அநேகமாக எவருக்கும் தெரியாது. 1945 ஜூலையில் டிரினிட்டி என்ற முதல் அணுகுண்டுச் சோதனையில் வெடித்ததும், ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி மீது விழுந்ததும் இங்கே உருவான புளூட்டோனியம். போர் முடிந்தும் வேலை நிற்கவில்லை. மொத்தம் ஒன்பது உலைகள். கடைசியாக 'என்' (N) என்ற உலை 1987-ல் நின்றது.

1989-ல் எரிசக்தித் துறையும், மத்திய சுற்றுச்சூழல் முகமையும், மாநில அரசும் சேர்ந்து சுத்திகரிப்பு ஒப்பந்தம் போட்டன. சுத்திகரிப்பு என்றால் நடைமுறையில் இடிப்பதும் புதைப்பதும்தான். அப்போதுதான் வரலாறு குறுக்கே வந்தது. 1966-ன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசுக்குச் சொந்தமான வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடத்தில் கை வைக்கும் முன் அதன் விளைவை ஆராய்ந்தாக வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக இதைச் செய்தால் ஆயுள் போதாது. ஆகவே 1996-ல் வளாகம் முழுமைக்கும் ஒரே உடன்பாடு செய்துகொண்டார்கள். அதன்படி, இடிக்கப்போகும் கட்டடத்துக்குள் வரலாறு தெரிந்தவர்களும் ஆலை தெரிந்தவர்களும் சேர்ந்து ஒரு சுற்று நடந்து, காக்க வேண்டிய பொருட்களுக்குச் சீட்டு கட்டுவார்கள்.

சீட்டு கட்டியதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று அர்த்தமில்லை.

கருவி சம்மதிக்க வேண்டும்

கதிரியக்க மாசில் இரண்டு வகை உண்டு. துடைத்தால் துணியோடு வந்துவிடுவது ஒன்று. பரப்பில் ஊறிப்போய் வர மறுப்பது இன்னொன்று. முதல் வகையைப் பார்க்க, தொழில்நுட்பர் வட்டமான சின்னக் காகிதத் துண்டை எடுத்து, பொருளின் மேல் 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு அழுத்தித் துடைத்து, அந்தக் காகிதத்தைக் கருவிக்குள் வைத்து எண்ணுவார். புளூட்டோனியம் போன்ற தனிமங்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் வரம்பு, அந்தப் பரப்பில் நிமிடத்துக்கு 20 சிதைவுகள். மிகக் கறாரான எண் இது.

சிக்கல் அந்த எண்ணில் மட்டும் இல்லை, புளூட்டோனியம் உமிழும் ஆல்பா கதிரின் குணத்திலும் இருக்கிறது. காற்றில் அது சில சென்டிமீட்டர் தூரம்தான் போகும். ஒரு தாள் குறுக்கே வந்தால் நின்றுவிடும். ஆகவே அளவியின் முகத்தைப் பொருளை ஒட்டினாற்போல் பிடித்து, அவசரப்படாமல் நகர்த்த வேண்டும். தூசி படிந்திருந்தால் தெரியாது, ஈரமாக இருந்தால் தெரியாது, பெயின்ட் அடித்திருந்தாலும் தெரியாது. அணு ஆலைகளில் மாசு கிளம்பிப் பரவாமல் இருக்க அதன் மேலேயே பெயின்ட் அடித்து அடக்கி வைப்பது பழக்கம். அதனால் ஆலையிலிருந்து வந்த பொருளின் பளபளப்பான பெயின்ட்டைப் பார்த்தால் அங்கே யாரும் நிம்மதி அடைவதில்லை.

இன்னும் பெரிய தலைவலி, உள்பக்கம். ஒரு மீட்டர் பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடலாம். அதற்குள் காற்று போய்வந்த துளை இருந்தால்? கழற்றிப் பார்க்காமல் சொல்ல முடியாது, கழற்றினால் பொருள் சேதமாகலாம். அளக்க முடியாத இடம் மாசுபட்டதாகவே கருதப்படும் என்பதுதான் நடைமுறை. மரம், தோல், துணி, பூசாத சிமென்ட் மாதிரி உறிஞ்சும் பொருட்களுக்கும் இதே கதி. வழவழப்பான எஃகுப் பெட்டி தப்பிக்கும், மர நாற்காலி போய்விடும்.

மாசைக் கழுவி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். எடுக்கலாம்தான். ஆனால் அது அமிலம், உராய்வு, சுரண்டல் என்று போகும். மியூசியப் பாதுகாப்பின் அடிப்படைப் பாடமோ, பொருளை முடிந்தவரை குறைவாகத் தொடு என்பது. 1944-ல் அடித்த பெயின்ட், அதன் மேல் யாரோ பென்சிலால் கிறுக்கிய எண், கைபட்டுத் தேய்ந்த பிடி ஆகியவற்றுக்காகத்தான் அந்தப் பொருளையே வைத்துக்கொள்கிறோம். சுரண்டிச் சுத்தம் செய்தால் பாதுகாப்பான ஒரு இரும்புத் துண்டு மிஞ்சும், வரலாறு கழிவுநீரோடு போய்விடும். சில பொருட்களைச் சுத்தம் செய்யாமல் படம் எடுத்து, அளவெடுத்து, அப்படியே புதைக்க விடுவதுதான் நேர்மையான முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அணுவோடு சம்பந்தமே இல்லாத ஆபத்துகளும் உண்டு. பழைய கருவிகளில் பாதரசம் இருக்கும், மின்தேக்கிகளில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கும், வெப்பக் காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இருட்டில் ஒளிரும் முகப்புள்ள அளவுமானிகளில் ரேடியம் கலந்த வர்ணம் இருக்கலாம். அந்த ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள், அதிலிருந்து ரேடான் வாயுவும் கசியும். புளூட்டோனியத்தின் பக்கமே போகாத ஒரு கடிகாரம் இதனால் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டி வரும்.

கருவி சம்மதித்தாலும் அடுத்த வாசலில் ரகசியக் காப்பு அதிகாரி நிற்கிறார். 1946-ன் அணுசக்திச் சட்டத்திலிருந்தே, அணு ஆயுத வடிவமைப்பு, அணுப்பொருள் உற்பத்தி தொடர்பான தகவல் பிறக்கும்போதே ரகசியம். யாரும் முத்திரை குத்த வேண்டியதில்லை, ரகசியம் நீக்கத்தான் உத்தரவு வேண்டும். பொருட்களுக்கும் இது பொருந்தும். ஒரு உதிரிப் பாகத்தின் வளைவோ அளவோகூட தகவல்தான். காகிதங்களின் கதையும் இதேதான். 1986 பிப்ரவரியில், பொதுமக்களின் நெருக்குதலுக்குப் பிறகு, எரிசக்தித் துறை 19,000 பக்கங்களை ஒரே மூச்சில் வெளியிட்டது. 1949 டிசம்பரில் வேண்டுமென்றே நடத்திய ஒரு கதிரியக்க வெளியேற்றம் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்ததும் அந்தச் சமயத்தில்தான். போதுமான நாள் ஆறவிடாத எரிபொருளைக் கரைத்து, ஆயிரக்கணக்கான கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131-ஐக் காற்றில் விட்டிருக்கிறார்கள். சோவியத் ஆலைகளைத் தூரத்திலிருந்து எப்படி மோப்பம் பிடிப்பது என்று பழகுவதற்காக. சுற்றுவட்டத்தில் குடியிருந்தவர்களுக்குச் சொல்லவில்லை, பால் குடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லவில்லை.

பலகைகளும் பென்சில்களும் புட்டிகளும்

இந்த வாசல்களைத் தாண்டி வந்தவற்றை, ரிச்லாந்து ஊரில் இருந்த ஒரு வரலாற்று அருங்காட்சியகம் முதலில் பராமரித்தது. அது 2014-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு ரீச் என்ற புது அருங்காட்சியகம் அங்கே திறந்தது. எரிசக்தித் துறையின் ஹான்ஃபோர்டு சேகரிப்பைக் கவனிக்கும் பொறுப்பு வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஃபோர்டு வரலாற்றுத் திட்டத்துக்கு வந்தது.

சேகரிப்பில் என்னைக் கவர்ந்த வகை, உடம்பை அளந்த கருவிகள். ஹான்ஃபோர்டு தொழிலாளி வேலைக்குள் போகும்போது ஃபிலிம் வில்லை ஒன்றை மாட்டிக்கொள்வார். உள்ளே பல் மருத்துவர் எக்ஸ்ரேக்குப் பயன்படுத்துவது போன்ற சின்ன ஃபிலிம் துண்டு. கதிர் பட்டால் கறுக்கும், கழுவிப் பார்த்தால் எவ்வளவு என்று தெரியும். கூடவே சட்டைப் பையில் பேனா மாதிரி இரண்டு அயனிக் குழாய்கள். 'பென்சில்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஏன் இரண்டு? பென்சில் கீழே விழுந்தாலோ ஈரம் பட்டாலோ மின்னேற்றம் கசிந்து, வாங்காத கதிரை வாங்கியதாகக் காட்டிவிடும். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். வேலை முடிந்து வெளியே வரும்போது கையையும் காலையும் ஒரே நேரத்தில் அளக்கும் நிலைக்கருவி. இரண்டு கைகளையும் பொந்துக்குள் விட்டு, மேடையில் ஏறி நின்று, விளக்கு சம்மதித்த பிறகுதான் வீட்டுக்கு.

வீட்டுக்குப் போன பிறகும் அளவு ஓயவில்லை. புளூட்டோனியம் உடம்புக்குள் போயிருந்தால் வெளியிலிருந்து பிடிக்க முடியாது, சிறுநீரில்தான் தெரியும். ஆலையில் வைத்து மாதிரி எடுத்தால் கையில் ஒட்டிய தூசி கலந்துவிடும். ஆகவே புட்டிகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். நிரப்பி வாசல் திண்ணையில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும். பால்காரர் வைத்துவிட்டுப் போகும் புட்டிகளுக்குப் பக்கத்தில் அரசாங்கப் புட்டி. அணு யுகம் ஒரு சிற்றூருக்குள் எப்படிக் குடியிருந்தது என்பதைச் சொல்ல ஒரு காலி புட்டி போதும். அதில் கதிரியக்கம் இல்லை, ரகசியமும் இல்லை. ஓரத்துப் பொருட்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஆனால் புட்டி தானாகப் பேசாது. பெரிய வளாகத்திலிருந்து வந்த பொருட்களில் பாதிக்கு மேல் பார்த்தால் ஒன்றும் புரியாது. நீளமான கம்பி, நுனியில் கொக்கி. இது எந்த மேடையில், எதைப் பிடிக்க, எத்தனை அடி தண்ணீருக்கு அடியில் இருந்ததைத் தூக்க? அங்கே வேலை பார்த்தவர்தான் சொல்ல முடியும். போர்க்காலத் தாள்களில் புளூட்டோனியம் என்ற சொல்லே வராது, '49' என்றோ வெறுமனே 'புராடக்ட்' என்றோதான் இருக்கும். பட்டியல் எழுதுகிறவருக்கு இது தெரியாவிட்டால், தாளை வேறு ஏதோ கோப்பில் போட்டுவிடுவார். அதனால்தான் அந்தப் பல்கலைக்கழகத் திட்டத்தில் பொருட்களைச் சேர்ப்பதற்கு இணையாக, ஓய்வுபெற்ற தொழிலாளர்களையும் வெளியேற்றப்பட்ட ஊர்களில் பிறந்தவர்களையும் பேட்டி எடுத்துப் பதிவு செய்யும் வேலையும் நடந்திருக்கிறது.

பெயர்ச்சீட்டு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு உதாரணம் உண்டு. 1942 செப்டம்பரில் முதன்முதலாக எடை போட்டுப் பார்த்த புளூட்டோனியம், ஆக்சைடு வடிவில் 2.77 மைக்ரோகிராம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. அது அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் காட்சியில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள், அபாயப் பொருள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. 2014 வாக்கில் இயற்பியலாளர்கள் அதன் கதிர்களை அளந்து பார்த்துத்தான் இது அதுவாக இருக்க வேண்டும் என்று அடையாளம் கண்டார்கள்.

பொருட்களைக் காப்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே இரும்பும் ஈயமும் பிரச்சினை தருவதில்லை, ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் தருகின்றன. முகமூடியின் ரப்பர் விறைத்து வெடிக்கும், அந்தக் கால பிளாஸ்டிக் உடைகள் பிசுபிசுத்துக் கசியும், அசிடேட் ஃபிலிம் சுருள்கள் புளித்த வாடையோடு சுருங்கும். தொழிலாளியின் தோலுக்கும் கதிரியக்கத் தூசிக்கும் நடுவே இருந்தவை இவைதான். சேகரிப்பில் முதலில் அழியப்போவதும் இவைதான்.

கட்டடமே காட்சிப்பொருள்

பி உலை மட்டும் விதிவிலக்கு. 1943-ல் கட்ட ஆரம்பித்து, 1944 செப்டம்பர் 26-ல் தொடர்வினையைத் தொட்டது. பெரிய அளவில் புளூட்டோனியம் தயாரிக்கக் கட்டிய உலகின் முதல் உலை. 1968-ல் நிறுத்தினார்கள். மற்ற உலைகளைப் போல இதையும் எஃகுக் கூட்டுக்குள் மூடி வைப்பதுதான் திட்டம். ஓய்வுபெற்ற ஊழியர்களும் ஊர்க்காரர்களும் 1990களின் தொடக்கத்தில் ஒரு சங்கம் அமைத்து, கூடாது, இது மியூசியம் ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார்கள். 2008-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. 2015 நவம்பரில், அமெரிக்காவின் போர்க்கால அணுகுண்டு முயற்சியான மன்ஹாட்டன் திட்டத்தின் மற்ற தளங்களான லாஸ் அலமோஸ், ஓக் ரிட்ஜ் ஆகியவற்றோடு சேர்ந்து மன்ஹாட்டன் திட்ட தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியானது. கட்டடம் எரிசக்தித் துறையுடையது, கதை சொல்வது தேசியப் பூங்காத் துறை.

பார்வையாளர் உள்ளே போனதும் எதிரே நிற்பது உலையின் முன்முகம். 2,004 குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாக, பல மாடி உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீள யுரேனிய உருளைகள், அலுமினிய உறை போட்டு அடுக்கப்பட்டிருந்தன. கொலம்பியா ஆற்றின் தண்ணீர் நிமிடத்துக்கு 75,000 கேலன் வரை அவற்றைச் சுற்றி ஓடியது. பின்னால் ஏறத்தாழ 1,200 டன் கிராஃபைட். சுற்றுச்சுவரில் வார்ப்பிரும்பு, அதற்கு வெளியே எஃகுத் தகடும் மேசனைட் என்ற மர அட்டையும் மாறி மாறி அடுக்கிய கேடயம். ஆமாம், தச்சர்கள் அலமாரிக்குப் பயன்படுத்தும் அதே அழுத்த அட்டை. அதில் உள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும்.

அந்த 2,004 என்ற எண்ணை நின்று யோசிக்கலாம். இயற்பியலாளர்கள் கேட்டது 1,500 குழாய்தான். டூபான்ட்டின் பொறியாளர்கள் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று மேலும் 504 குழாய்களுக்கு இடம் விட்டார்கள். விஞ்ஞானிகளுக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. உலையை ஓட்டிய முதல் நாளே சக்தி தானாக இறங்க ஆரம்பித்து உலை நின்றுவிட்டது. சில மணி நேரம் கழித்துத் தானாகவே உயிர் பெற்றது. பிறகு மறுபடி இறங்கியது. பிளவில் உருவாகும் அயோடின் சிதைந்து செனான்-135 ஆகிறது, அது நியூட்ரான்களை விழுங்குகிறது, அதன் அரை ஆயுள் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்பதால் காத்திருந்தால் தணிகிறது என்று இயற்பியலாளர்கள் ஜான் வீலரும் என்ரிகோ ஃபெர்மியும் கணக்குப் போட்டார்கள். மீதிக் குழாய்களையும் நிரப்பியபோது செனானை மீறி உலை ஓடியது. இந்தக் கதையை ஒரு புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் அந்தக் குழாய் வாய்களின் வரிசைகளை நேரில் பார்க்கும்போதுதான் அந்த 504 எவ்வளவு பெரிய பிடிவாதம் என்று உறைக்கும். கட்டடத்தைக் காப்பதற்கு இதைவிட நல்ல வாதம் இல்லை.

பக்கத்தில் கட்டுப்பாட்டு அறை. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நீரழுத்த மானி என்ற கணக்கில் சுவர் முழுக்க வட்ட முகப்புகள். இதெல்லாம் முன்பக்கம். பின்முகத்துக்குப் பார்வையாளர் போக முடியாது. கதிர் குடித்த உருளைகள் அந்தப் பக்கம்தான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தன. இன்றும் அங்கே மாசு அதிகம். உலையின் அழகான முகம் திறந்திருக்கிறது, அழுக்கான முகம் பூட்டியிருக்கிறது. வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் வழிகாட்டி அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பார்வையாளருக்குத் தெரியவே வராது.

வேதியியலைக் காணோம்

என் முக்கியமான புகார் இங்கேதான். ஹான்ஃபோர்டின் கதை பி உலையில் முடிந்துவிடுவதில்லை. உலையிலிருந்து வந்த ஒரு டன் யுரேனியத்தில் கால் கிலோ அளவுக்குத்தான் புளூட்டோனியம் இருந்தது. அதை எடுக்க, அந்த யுரேனியம் முழுவதையும் அமிலத்தில் கரைத்துப் பல கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். அதற்குக் கட்டியவைதான் டி பிளான்ட் மாதிரியான ஆலைகள். 800 அடி நீளம், ஜன்னல் கிடையாது, தடித்த கான்கிரீட் சுவர்கள், உள்ளே எல்லாம் தொலைவிலிருந்து இயக்கும் கிரேன். தொழிலாளர்கள் 'கேன்யன்' என்று அழைத்தார்கள். ஹான்ஃபோர்டின் மண்ணுக்கடியில் 177 தொட்டிகளில் தேங்கிய, ஏறத்தாழ 5.6 கோடி கேலன் கழிவு பிறந்தது இந்த வேலையில்தான். தலைமுறை தலைமுறையாகச் செலவு வைப்பதும் அதுதான்.

பூங்காவை உருவாக்கிய சட்டத்தில் டி பிளான்ட்டின் பெயரும் இருக்கிறது. ஆனால் பொதுமக்கள் உள்ளே போக முடியாது. புளூட்டோனியத்தை உலோகமாக்கிய முடிப்பு ஆலைக்கு அந்தக் கௌரவமும் இல்லை. 1976-ல் அங்கே ஒரு கையுறைப் பெட்டி (அபாயப் பொருளை, சுவரில் பொருத்திய கையுறைகள் வழியாகக் கையாளும் மூடிய பெட்டி) வெடித்து, ஹரால்ட் மெக்கிளஸ்கி என்ற தொழிலாளி அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தில் குளித்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் பக்கத்தில் வர மனிதர்கள் பயந்தார்கள். அந்த அறை பல்லாண்டு பூட்டியே கிடந்தது. ஆலையை இடிக்கும்போதே 2017-ல் துகள்கள் பரவி வேலையை நிறுத்த வேண்டி வந்தது. 2021-ல் தரைமட்டமானது. அங்கிருந்து ஒரு கையுறைப் பெட்டியைக் காட்சிக்குக் கொடுங்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

விளைவு என்னவென்றால், உலை இயற்பியல் கதையாக நிற்கிறது. ஃபெர்மி, நோபல் பரிசு, மின்னும் முகப்புகள். வேதியியல், அதாவது கழிவின் கதை, வரைபடமாகவும் மாதிரியாகவும் சுருங்கிவிடுகிறது. இதை யாரும் சதி செய்து செய்யவில்லை, மாசின் அளவே அப்படிப் பிரித்துவிட்டது. ஆனால் பார்வையாளருக்குக் கிடைக்கும் சித்திரம், சதி செய்திருந்தால் எப்படி இருக்குமோ அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

ஓக் ரிட்ஜில் நேர்மாறான பிரச்சினை. யுரேனியத்தைச் செறிவூட்டிய கே-25 கட்டடம் 44 ஏக்கர், யு வடிவம். ஒரு பகுதியையாவது காப்போம் என்ற பேச்சு நடந்து, கட்டடம் உளுத்துவிட்டதால் 2012-ல் உடன்பாடு மாற்றி எழுதப்பட்டது. 2013-ல் இடித்து முடித்தார்கள். 2020-ல் பக்கத்தில் வரலாற்று மையம் திறந்தார்கள். அங்கே பொருட்கள் இருக்கின்றன, இடம் வெறும் தரை.

யாருடைய கதை

ரிச்லாந்து ஊரின் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பெயர் 'பாம்பர்ஸ்', சின்னம் காளான் மேகம். 1945 ஆகஸ்டில் ஊர்ப் பத்திரிகை போட்ட தலைப்பு, 'அமைதி! நம் குண்டு முடித்துவைத்தது!' அந்தத் தாள் இன்று காட்சிப்பொருள். அதன் பக்கத்தில் என்ன வைப்பது என்பதுதான் காப்பாட்சியரின் நிஜமான வேலை. ஒன்றும் வைக்காவிட்டால் அது பெருமை, நாகசாகியின் 11:02-ல் நின்ற கடிகாரத்தின் படத்தை வைத்தால் வேறு கதை. 1995-ல் வாஷிங்டன் நகரின் விமான, விண்வெளி அருங்காட்சியகம் ஹிரோஷிமா மீது குண்டு போட்ட எனோலா கே விமானத்தைக் காட்ட முயன்று, முன்னாள் படைவீரர் அமைப்புகளின் எதிர்ப்பில் காட்சியையே கைவிட்டுச் சுருக்கியது. இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். அமெரிக்காவில் அணு வரலாற்றைக் காட்சிப்படுத்தும் எவருக்கும் அந்த நினைவு இல்லாமல் இருக்காது. 2018-ல் நாகசாகியில் உயிர் பிழைத்த ஒருவர் ஹான்ஃபோர்டுக்கு வந்து பி உலையைப் பார்த்தார். உலையைச் சொன்ன அளவுக்குக் குண்டுக்குக் கீழே இறந்தவர்களைச் சொல்லவில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

உள்ளூரிலேயே விடுபட்டவர்கள் வேறு. கட்டுமான முகாமுக்கு நாட்டின் தென் மாநிலங்களிலிருந்து அழைத்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தங்கும் கூடங்கள் தனி. பக்கத்து ஊரான கென்னவிக்கில் பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் இருக்கவே முடியாது. காற்று வீசிய திசையில் குடியிருந்து தைராய்டு நோயோடு வழக்காடியவர்கள் இன்னொரு பக்கம். வனப்பம், யாகமா, யூமட்டில்லா, நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களுக்கோ ஹான்ஃபோர்டின் வரலாறு 1943-ல் தொடங்கவே இல்லை. அவர்களின் தொல்பொருட்களில் எதைக் காட்டுவது, எதைக் காட்டவே கூடாது என்பதில் அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தாக வேண்டும். மூதாதையரின் எச்சங்களையும் புனிதப் பொருட்களையும் திருப்பித் தரச் சொல்லும் மத்தியச் சட்டம் 1990-லிருந்து இருக்கிறது. பூங்காவின் சுற்றுலாவில் இப்போது இடிந்த ஹான்ஃபோர்டு பள்ளிக்கூடத்தையும் ஒயிட் பிளஃப்ஸ் வங்கியையும் காட்டுகிறார்கள். வெளியேற்றப்பட்ட வெள்ளை விவசாயிகளுக்கு இப்படிக் கட்டடங்கள் மிஞ்சின. வனப்பம் மக்களின் குளிர்காலக் குடில்கள் பாய் போட்டுக் கட்டியவை, அவற்றுக்குச் சுவர் மிஞ்சவில்லை.

மற்ற உலைகளுக்கு வருவோம். 1998-ல் முதலில் சி உலை, பிறகு மற்றவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக, சுற்றியுள்ள கட்டடங்களை இடித்துவிட்டு, மையத்தை மட்டும் எஃகுக் கூரைக்குள் அடைத்துவிட்டார்கள். கூட்டின் ஆயுள் 75 ஆண்டுகள். உள்ளே கதிரியக்கம் தணியட்டும், அப்புறம் அப்படியே தூக்கி வளாகத்தின் நடுவே புதைக்கலாம் என்பது இப்போதைய எண்ணம். அதன்படி சி உலையின் தவணை 2070களில் வரும். முன்முகம், பின்முகம் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. அப்போது அளவிகள் இறங்கிக் காட்டினால், பி உலையில் இன்று யாருக்கும் காட்ட முடியாத அந்தப் பின்பக்கத்தைக் காப்பதா புதைப்பதா என்ற கேள்வி முதல்முறையாக நிஜமான கேள்வியாக வரும். அந்தக் கேள்விக்கு வேண்டிய குறிப்புகளை, அங்கே வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.